தைத்து வந்த ரவிக்கை

"ஒரே ஒரு வார்த்தை மதினி. கடன் தீந்துபோச்சுன்னு கோர்ட்டுல வந்து..."

"தீராத கடனைத் தீந்துபோச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன், நீயே சொல்லு..."

"எந்தக் கடன்? ஐயோ, எந்தக் கடன் மதினி? அண்ணன் எங்களுக்கு எப்பக் கடன் குடுத்தாரு? அவரே நூல்கண்டு வாங்கக் காசில்லாம எங்ககிட்ட..."

"செத்தவியளப் பத்திப் பேசாத விசாலம். ஆமா, சொல்லிட்டேன்."

"பேசாம? அண்ணன் இருந்தா இப்புடி நடக்க விட்டுருப்பாரா?"

"இருந்தா நான் எதுக்குட்டி பெட்டி கட்டுதேன்?"



தீவில் அபர்டீன் பஜாரில் ஒரு தையற்கடைக்குப் பின்புறம் இருந்த ஒற்றை அறை அது. முன்னால் கடை என்று சொல்லத்தான் கடை. மெஷினை விற்றாயிற்று, கத்தரிக்கோலை விற்றாயிற்று, சட்டை மாட்டுகிற ஆணிகள் மட்டும் சுவரில் இருந்தன. ஜெயமணி தகரப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். பிள்ளைகளின் துணியை மடித்து வைப்பாள், திரும்ப எடுப்பாள், இன்னும் சின்னதாக மடித்து வைப்பாள். விசாலாட்சி வாசலிலேயே நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் உட்காராமல் அவள் பேசியது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். விசாலாட்சியின் புருஷன் குழந்தைவேலு சர்க்கார் மரக்கிடங்கில் ஸ்டோர் குமாஸ்தா. அவர் சம்பளத்தில் பாதியைக் கோர்ட் ஜப்தி செய்து மாதா மாதம் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த பணம் ஜெயமணிக்குப் போயிற்று. அவளுடைய செத்துப்போன புருஷன் சிவஞானத்துக்குக் குழந்தைவேலு எழுதிக் கொடுத்த ஒரு புரோநோட்டுக்காக. 'பாக்கி தீர்ந்தது' என்று ஜெயமணி கோர்ட்டில் வந்து சொன்னால் ஜப்தி நின்றுபோகும். அதைச் சொல்லாமலே அவள் வருகிற கப்பலில் மெயின்லேண்ட் போகிறாள். போய்விட்டால் பணம் மணியார்டராகப் பின்னாலேயே போகும், வருஷக்கணக்காக.

"மதினி, அந்த நோட்டு எழுதுறப்ப நீங்க அடுப்படியில காப்பி கலந்துக்கிட்டு நின்னீங்க. எல்லாம் உங்க கண்ணு முன்னாலதானே நடந்துச்சு?"

"நான் காப்பியப் பாத்தேனா, ஆம்பளைய பேசுறதக் கேட்டேனா? கடன் குடுத்திருக்கேன்னு அவிய சொன்னாவ. கோர்ட்டும் கடன்னுதான் சொல்லுது. உன் வீட்டுக்காரவியளே ஜட்ஜு முன்னால ஆமான்னு தலையாட்டினாவளா இல்லியா?"

"அது அப்புடி ஆட்டணும்னு பேசி வெச்சது..."

"பேசி வெச்சதுன்னா அத நீயே போயி அங்க சொல்லேன். நான் வேண்டாங்கலயே."

 அதைச் சொல்ல முடியாது என்று ஜெயமணிக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஜெயமணியின் குரல் சற்று இறங்கியது. "எங்க அண்ணன் கடுதாசி போட்டிருக்காவ. மாசாமாசம் பணம் வருதுன்னா பிள்ளையளக் கூட்டிட்டு வா, பின்கட்டுல இருந்துக்கோன்னு. வருதுன்னா. அந்த வார்த்தையப் பாத்தியா? வரலன்னா நான் எந்தக் கட்டுல போயி இருக்க?"

"அதுக்கு எங்க சோத்துல கை வைக்கணுமா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது விசாலம். எனக்குக் கடன்னுதான் தெரியும். நீ போ. பிள்ளைய பள்ளிக்கூடம் விட்டு வார நேரம்."

விசாலாட்சி படி இறங்கினாள். பஜாரில் வெயிலும் மழையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. குடை கையில் இருந்தும் விரிக்கத் தோன்றாமல் வீடு இருந்த மரைன் ஹில் ஏற்றம் வரைக்கும் நனைந்துகொண்டே போனாள்.

*

அந்தத் தீவில் யாருக்கு யார் சொந்தம்? அக்காள் தங்கை, மாமன் மச்சான் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே ஒரே கப்பலில் வந்தவர்கள்தான் சொந்தம். பக்கத்துப் பங்க் படுக்கையில் படுத்து வந்தவர் அண்ணன், அவர் பெண்சாதி மதினி. கப்பல் உறவு என்றே அதற்குப் பேர். கல்யாணம், சீமந்தம், சாவு எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

விசாலாட்சி பரமக்குடியிலிருந்து புதுப்பெண்ணாகக் கப்பலேறி வந்தபோது, துறைமுகம் மறைவதற்குள்ளேயே வாந்தி தொடங்கிவிட்டது. புருஷன் அவளைவிட மோசம். சுருண்டு படுத்தவர் எழவில்லை. பக்கத்துப் பங்க்கில் இருந்த திருநெல்வேலிக்காரி ஒருத்தி, கேட்காமல் கொள்ளாமல் அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வாயத் தொறட்டி. இத நாக்குல வை, முழுங்காத" என்று எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தொட்டு வைத்தாள். அவள் புருஷன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏழு கடலையும் கக்கிடுவா போலிருக்கு" என்று அவர் சொன்னதில் விசாலாட்சிக்கு அந்தக் கோலத்திலும் சிரிப்பு வந்தது. ஜெயமணியும் சிவஞானமும் அப்படித்தான் மதினியும் அண்ணனும் ஆனார்கள். பிறகு மகள் சுசீலாவுக்குக் காது குத்தியபோது, ஊரிலிருந்து தாய்மாமன் வர முடியாதென்று கடிதம் வந்தது. சிவஞானம்தான் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார்.

கடன் என்று உண்மையிலேயே ஒன்று இருந்தது. அது ஜெகநாதனுக்கு. பஜாரில் அரிசி, துணி, வட்டி மூன்றையும் ஒரே கல்லாவில் நடத்துகிறவர். குழந்தைவேலு தங்கை கல்யாணத்துக்காக அவரிடம் வாங்கினார். வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. "இனிமே பேச்சு கிடையாது பாபு. கோர்ட்டுல போட்டு உன் தன்க்வாவுலயே, சம்பளத்துலயே கை வெச்சுருவேன்" என்று ஜெகநாதன் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கோர்ட் வாசலில் மனு எழுதுகிற கிருஷ்ணமூர்த்தி அந்த யோசனையைச் சொன்னார். தீவில் நாலைந்து குமாஸ்தாக்கள் செய்து பிழைத்த வழிதான். நம்பிக்கையான ஒருவருக்குப் பழைய தேதி போட்டுப் பொய்யாக ஒரு நோட்டு எழுதிக் கொடுப்பது. அவர் கேஸ் போடுவார், இவர் ஆமாம் என்பார், கோர்ட் பாதிச் சம்பளத்தை ஜப்தி செய்யும். அந்தப் பணத்தை அவர் மாதா மாதம் ரகசியமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உண்மையில் கடன் கொடுத்தவர் வந்து பார்க்கும்போது சம்பளத்தில் ஏற்கெனவே ஒரு கை இருக்கும். தனக்குக் கிடைப்பது அற்பம் என்று அலுத்துப்போய், கொடுக்கிறபோது வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்துவிடுவார்.

"ஆனா ஒண்ணு" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "கடன் எதுவும் கிடையாதுன்னு அவர்கிட்ட ஒரு எதிர்ச்சீட்டு எழுதி வாங்கி வெச்சுக்குங்க. மனுசன் மனசு நாளைக்கு எப்படி இருக்குமோ."

நோட்டு எழுதிய அன்றைக்கே சிவஞானம் எதிர்ச்சீட்டையும் தானே எழுதிவிட்டார். தையற்கடையின் இதே பின்னறையில், சட்டைக்கு அளவெழுதுகிற பென்சிலால் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். குழந்தைவேலு கையை நீட்டுவதற்குள் விசாலாட்சி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னண்ணே இது? எம்பொண்ணுக்குக் காது குத்துறப்ப மடியில வெச்சிருந்த தாய்மாமன்கிட்ட நாங்க சீட்டு எழுதி வாங்குறதா? அப்புறம் நாங்க என்ன மனுசங்க?"

"ஏய், அது சும்மா ஒரு இதுக்கு..." என்றார் குழந்தைவேலு.

"சும்மாவுக்கும் வேணாம்." காப்பித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் அதைப் போட்டுவிட்டாள். ஜெயமணி டம்ளரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நல்லா எரியுதுட்டி. இன்னொண்ணு எழுதச் சொல்லட்டுமா? பால் இன்னும் காயல."

அப்படிச் சொன்னவள்தான். விசாலாட்சி எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் குரல் அப்படியேதான் காதில் விழுந்தது.

பிறகு எல்லாம் பேசியபடியே நடந்தது. சம்பளம் பிடித்த மறுநாள் விசாலாட்சி ஒரு நீல ரவிக்கைத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு தையற்கடைக்குப் போவாள். "அண்ணே, இது தைக்கணும்." சிவஞானம் துணியை வாங்கி உள்ளே போய் வருவார். "இப்ப வேலை நெறைய இருக்கும்மா, அடுத்த மாசம் கொண்டா" என்று பஜாருக்கே கேட்கிற மாதிரி சொல்லித் திருப்பிக் கொடுப்பார். துணி மடிப்புக்குள் பணம் இருக்கும். ஒரு காசு குறைந்ததில்லை. "உன் ரவிக்கை தைக்கிறதுக்குள்ள சுசீலா கல்யாணமே வந்துரும்" என்று ஜெயமணி கேலி செய்வாள். மாதாமாதம் போய்வந்து போய்வந்து அந்தத் துணியின் மடிப்பு வெளுத்துப்போயிருந்தது.

லாங் ஐலண்டில் மரம் வெட்டுகிற ஆட்களுக்குக் காக்கிச் சட்டை தைக்கிற ஆர்டர் ஒன்று வந்தது. அளவெடுக்கப் படகில் போன சிவஞானம் காய்ச்சலோடு திரும்பினார். திரும்பி வந்து நினைவோடு பேசியது ஒரு நாள்தான்.

கருமாதி முடிந்ததும், கோர்ட்டில் பேரை மாற்ற வேண்டும் என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னார். ஜெயமணியைக் கூட்டிக்கொண்டு போய், "இவங்கதான் வாரிசு, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லி அவள் பேரில் மாற்றிக் கொடுத்தவர் யார் என்றால், குழந்தைவேலுவேதான். மாற்றாவிட்டால் ஜப்தி கலைந்துபோகும், ஜெகநாதன் உள்ளே வந்துவிடுவார் என்று பயந்தார். மதினி கையில் இருந்தால் என்ன, அண்ணன் கையில் இருந்தால் என்ன?

அந்த மாதம் விசாலாட்சி துணியைக் கொண்டுபோனாள். துணி வெறுமனே திரும்பி வந்தது. "கோர்ட்டுல இன்னும் குடுக்கல" என்றாள் ஜெயமணி. செலவு இருக்கும், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விசாலாட்சி நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் போனபோது துணியை ஜெயமணி வாங்கி வைத்துக்கொண்டு, "இருக்கட்டும், நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்தாள். கொக்கி வைத்து, கைக்குப் பட்டி வைத்து, அளவு கச்சிதமாக. மடிப்புக்குள்ளே ஒன்றும் இல்லை.

"தையல்கூலி வேண்டாம் விசாலம்" என்றாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

*

"போனியா? என்ன சொன்னாங்க?" என்றார் குழந்தைவேலு. குவார்ட்டர்ஸ் வராந்தாவில் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கடன்னுதான் தெரியும்னு சொல்றாங்க."

"அப்புடியேவா?"

"அப்புடியேதான். சிரிக்கக்கூட இல்லை."

அவர் காலடியைப் பார்த்தார். "இன்னிக்குச் சம்பளம் வாங்கப் போனா கஜான்ச்சி எல்லாரு முன்னாலயும் 'ஆவோ ஆவோ, ஆதா தன்க்வா பாபு'ங்கறான். பாதிச் சம்பள பாபுவாம். முன்னயும் அப்புடித்தான் கூப்புடுவான். அப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன், உனக்கென்னடா தெரியும்னு."

"கிருஷ்ணமூர்த்தி சாரப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நோட்டு பொய்யின்னு நானே போயி ஜட்ஜுகிட்டச் சொல்லிர்றேன் சார்ன்னேன். என் வாயப் பொத்தாத குறைதான். கோர்ட்டை ஏமாத்தினேன்னு நீயே எழுதிக் குடுக்கப் போறியா, வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், உள்ள வேற தள்ளுவாங்கன்னாரு. அன்னிக்கே எதிர்ச்சீட்டு வாங்குன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேன்னாரு."

  எரித்தது நீதானே என்று அவர் ஒரு தடவையாவது கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவர் கத்துகிற ஜாதி இல்லை.

ஏற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெகநாதன் மூச்சிரைக்க வந்து, கேட்காமலே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடு. இந்த மேட்டுல வீட்டைக் குடுத்து சர்க்கார் உங்களைக் காப்பாத்துது. எந்தக் கடன்காரன் ஏறி வருவான்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "என்ன பாபு, தையக்காரன் பெண்சாதி ஜஹாஸ் ஏறுதாமே? கப்பல் டிக்கெட் வாங்கியாச்சாம்."

குழந்தைவேலு சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"உன் நோட்டு பொய்யின்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? பஜார்ல துணி விக்கிறவன் நான். ஒரே ரவிக்கைத் துணி எத்தனை மாசம் தையக்கடைக்குப் போயிட்டு வரும்? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சரி, சிவஞானம் நாணயஸ்தன், பணம் வீட்டுக்குத்தான் போகுது, பையன் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துருவான்னு விட்டு வெச்சேன். நீயும் குடுத்தே, இல்லேன்னு சொல்லலை. இப்ப உன் பொய்க் கடனுக்குப் பணம் ஒழுங்காப் போகுது. என் நெசக் கடனுக்கு என்ன வழி?"

"கொஞ்சம் டைம் குடுங்க."

"டைம் குடுத்துக் குடுத்து எனக்கு முடி நரைச்சுப்போச்சு. கேளு. மிச்சப் பாதியில பாதி எனக்கு வந்துரணும், மாசா மாசம். வரலேன்னா உங்க ஆபீசு பெரிய சாப் மேசைக்கு ஒரு கடுதாசி போகும், இந்த ஆளு கோர்ட்டுல என்ன பண்ணினான்னு. எனக்கு அதுல லாபம் இல்லை. உனக்கும் வேலை இருக்காது. ரெண்டு பேரும் போவோம், க்யா கரேகா, என்ன பண்ணுவே?"

விசாலாட்சி தண்ணீர்ச் செம்போடு கதவருகில் நின்றாள். "மிச்சப் பாதியில பாதின்னா நாங்க மூணு பேரு எதைச் சாப்பிடறது அண்ணாச்சி?"

"மூணு பேரு எதுக்கும்மா இங்க சாப்பிடணும்? நீயும் பொண்ணும் ஊருக்குப் போங்க. சர்க்கார் பாஸ் இருக்குல்ல, டிக்கெட்டு செலவு கிடையாது. இவரு மெஸ்ல சாப்பிட்டு லயன் வீட்டுல படுத்துக்குவாரு. இந்தத் தீவுல பாதி ஆம்பளை அப்புடித்தான் கெடக்குறான். நான் கெட்டவனாப் பேசலை தங்கச்சி, கணக்கைப் பேசுறேன்." தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. நல்ல தண்ணி."

அவர் இறங்கிப் போன பிறகு உள்ளேயிருந்து சுசீலா வந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். பாவாடை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, நாம சிவஞானம் மாமாவை ஏமாத்தினோமா, இல்ல ஜெகநாதன் மாமாவையா?"

"உள்ள போம்மா."

"மணி அத்தைக்கு நாம நெசமாவே பணம் தரணுமா?"

"உள்ள போன்னு சொல்றேன்ல!"

அவள் போனாள். குழந்தைவேலு ரொம்ப நேரம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். கீழே துறைமுகத்தில் ஏதோ படகு மணியடித்தது. 

"ஏன் விசாலம், ஒருவேளை நான் வாங்கித்தான் இருப்பேனோ?"

"என்னது?"

"அவருகிட்ட. எப்பவாச்சும். கல்யாணத்துக்கு ஓடியாடினப்ப. எல்லாரும் கடன் கடன்னு சொல்றாங்க. கையெழுத்து என்னதுதான். கோர்ட்டுல ஆமான்னதும் நான்தான். நேத்து ஸ்டோர்ல உக்காந்து யோசிச்சுப் பாக்குறேன், வாங்கலைன்னு ஒரு நிமிசம் எனக்கே நிச்சயமாத் தெரியலை."

"என்னங்க பேசுறீங்க நீங்க? சீட்டை நான்தானே அடுப்புல போட்டேன்? அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் யோசித்தார். "நான் படிக்கவே இல்லையே" என்றார்.

*

கப்பல் புறப்பட்ட நாள் சாரல் விழுந்துகொண்டிருந்தது. விசாலாட்சியும் சுசீலாவும் பாஸில் ஏறினார்கள். எங்கே போகிறார்கள் என்றால், யார் கல்யாணத்துக்காகக் கடன் வாங்கினார்களோ அந்த நாத்தனார் வீட்டுக்கு. 'கொஞ்ச நாளைக்கு வருகிறோம்' என்று இவர்கள் எழுதியிருந்தார்கள். பதிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. குவார்ட்டர்ஸ் சாவியைக் குழந்தைவேலு முந்தின நாளே ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். ஜெட்டியில் கூட்டத்தோடு கூட்டமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் கையாட்டினார்கள், துண்டை வீசினார்கள், பேர் சொல்லிக் கூவினார்கள். அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

கீழ்த்தட்டில் பங்க் கிளாஸ். எண்ணெய் வாடையும் ஈரச் சாக்கு வாடையுமாக மூச்சு முட்டியது. முந்தினவர்கள் துண்டு விரித்து இடம் போட்டுவிட்டார்கள். விசாலாட்சி மூட்டையும் மகளுமாக நடுவில் திகைத்து நிற்க, கோடியிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி விசாலம்! இங்க வா. இங்க இடம் போட்டிருக்கேன்."

ஜெயமணி. பக்கத்துப் பங்க்கில் தன்னுடைய பழைய சேலையை விரித்து வைத்திருந்தாள். பழக்கம்தான். ஒரே கப்பலில் தெரிந்தவர்கள் வந்தால் இடம் போட்டு வைக்க வேண்டும், அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விசாலாட்சி நாலாபக்கமும் பார்த்தாள். வேறு இடம் இல்லை. போய் உட்கார்ந்தாள்.

 பிள்ளைகள்தான் பேசிக்கொண்டார்கள். சுசீலா ஜெயமணியின் சின்னவனுக்குத் தலைவாரி விட்டாள்.

கடல் அன்றைக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. தீவு மறைந்ததுமே விசாலாட்சிக்குக் குமட்டியது. எழுந்து போக முடியாமல் அங்கேயே எடுத்துவிட்டாள், சேலைத் தலைப்பும் ரவிக்கையும் பாழாயின. கண்ணை மூடிக்கொண்டு சரிந்தபோது யாரோ தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்கள். நாக்கில் புளிப்பும் உப்பும் பட்டது.

"முழுங்காத. அப்படியே வெச்சிரு."

விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கண்ணோரம் வழிந்ததை ஜெயமணியின் கை துடைத்தது. மெஷின் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கை.

"உன் நாத்தனா வீட்டுல உங்கள வெச்சுக்கிடுவாவளா?" என்றாள் ஜெயமணி கொஞ்ச நேரம் கழித்து.

"தெரியலை."

"கையில ஏதும் வெச்சிருக்கியா?"

"இல்லை."

"மாசாமாசம் அனுப்புவாவளா, உன் வீட்டுக்காரவிய?"

விசாலாட்சி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். "எங்கிருந்து மதினி அனுப்புவாரு?"

ஜெயமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வட்ட ஜன்னல் கண்ணாடியில் கடல் ஏறியது, இறங்கியது.

"உங்களுக்கு நூறு தடவை நல்லது பண்ணியிருக்கோம்னு நான் சொல்லிக்காட்ட வரலை" என்றாள் விசாலாட்சி. "நீங்களும் எங்களுக்குப் பண்ணியிருக்கீங்க. இப்பவும் பண்றீங்க."

"பேசாத. பேசினா இன்னும் குமட்டும்."

"துணி நாறுது."

"மாத்திக்கோ. நான் மறைச்சுப் பிடிக்கேன்."

மூட்டையில் கைக்கு வந்தது அந்த நீல ரவிக்கைதான். விசாலாட்சி அதை ஒரு நாளும் போட்டதில்லை. தூக்கி எறியவும் மனம் வராமல் அடியில் வைத்திருந்தாள். மேலே இருந்ததெல்லாம் சாரலில் நனைந்துபோயிருந்தது, வேறு உலர்ந்த ரவிக்கை இல்லை. ஜெயமணி சேலையைத் திரையாகப் பிடித்தாள். உள்ளே விசாலாட்சி கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். திரை இறங்கியது.

ஜெயமணி அந்த ரவிக்கையைப் பார்த்தாள்.  பிறகு கை நீட்டி, தோள்பட்டையில் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இளைச்சுட்டியே. தோள்ல இவ்வளவு தொளதொளன்னு கெடக்கு. முன்ன எடுத்த அளவுக்குத் தைச்சேன். கரை ஏறினதும் பிரிச்சுப் பிடிச்சுக்கோ, தையல நெருக்காமத்தான் போட்டிருக்கேன்."

பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். சுசீலாவின் காதில் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது, சிவஞானத்தின் மடியில் குத்திய காது. அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நோட்டு எழுதின நாளில் அந்தப் பின்னறையில் இருந்தது நாலு பேர். ஒருவர் சாம்பலாகிவிட்டார். ஒருவருக்குத் தன் நினைவின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த இரண்டு பங்க்கில் இருக்கிற இரண்டு பேர்தான். கரை சேர்ந்ததும் ஒருத்தி தெற்கே ஒரு ரயில், இன்னொருத்தி வேறு ரயில். அதற்குப் பிறகு பாதிப் பணம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும், அது பொய் என்று சொல்ல உலகத்தில் தான் ஒருத்தி மட்டும் இருப்போம் என்று விசாலாட்சிக்குத் தோன்றியது. ஒருத்தி மட்டும் சொன்னால், அவளுக்கே ஒரு நாள் சந்தேகம் வரும்.

கொக்கியைத் தடவிக்கொண்டே மெல்லச் சாய்ந்து, ஜெயமணியின் காதருகே வாயை வைத்தாள்.

"மதினி, பணம் வேணாம், நீங்களே வெச்சுக்குங்க, கோர்ட்டுலயும் சொல்ல வேணாம், யாருகிட்டயும் சொல்ல வேணாம்... அது பொய்க் கடன்தான்னு எங்கிட்ட மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லுவீங்களா?"